டாரட்டில் சமூக நீதி: ரீடிங் மேசையிலிருந்து படைப்புக் குழு வரை ஒரு முழுமையான வழிகாட்டி

டாரட் என்பது 78 படக் கார்டுகளை வைத்து ஒருவரின் வாழ்க்கையைப் பற்றிப் பேசும் பயிற்சி. அதற்குள் சமூக நீதியைக் கொண்டுவர விரும்பும் பலர் முதலில் செய்வது புது டெக், அதாவது புதுக் கார்டுக் கட்டு, வாங்குவதுதான். பல நிற முகங்களும் பல வகை உடல்களும் உள்ள டெக். அப்புறம் "எல்லோரும் வரலாம்" என்று ஓர் அறிவிப்பு. மூன்றாவது வாரமே ரீடிங்குக்கு (தன் கேள்விக்குக் கார்டு எடுத்து விளக்கம் கேட்க) வந்த ஒருவர் மனம் நொந்து எழுந்து போய்விடுகிறார். டெக் மாறியிருக்கிறது, படிக்கும் விதம் அப்படியே இருக்கிறது.

பலருக்கு ரீடிங் செய்தும், கார்டுகளை வைத்து எழுதவும் வரையவும் கூடும் சிறு குழுக்களை நடத்தியும் இந்த வரிசைக்கு வந்து சேர்ந்தேன். முதலில் உங்கள் சொந்தப் பார்வை, அடுத்து எதிரில் உட்காருபவரின் பாதுகாப்பு, பிறகு கார்டுகளின் பொருள், அதற்குப் பின் டெக்கும் பணமும், கடைசியில்தான் குழு. இரண்டு பேர் மட்டும் இருக்கும் மேசையில் ஒரு தவறைக் கண்டுபிடித்துத் திருத்துவது எளிது. அதே தவறு பத்துப் பேர் முன்னால் நடந்தால், காயப்பட்டவர் திரும்பி வரமாட்டார்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

உங்களுக்கு நன்றாகப் பழகிய ஒரு டெக். புதியது வேண்டாம். பரவலாகப் புழங்கும் ரைடர்–வெய்ட்–ஸ்மித் டெக்கோ அதன் வழியில் வந்த ஒன்றோ இருந்தால் கீழே சொல்லும் படங்களைப் பார்த்துக்கொண்டே படிக்கலாம்.

ஒரு நோட்டுப் புத்தகம். ரீடிங் முடிந்ததும் நீங்கள் சொன்னதை எழுதிவைக்க. கேட்க வந்தவரின் பெயரோ அடையாளமோ அதில் இருக்கக் கூடாது.

உதவி கிடைக்கும் இடங்களின் பட்டியல். மனநல உதவி எண், குடும்ப வன்முறை உதவி எண், இலவச சட்ட உதவி, தொழிலாளர் உரிமை ஆலோசனை. ஒவ்வொரு எண்ணையும் நீங்களே அழைத்துப் பார்த்து, இயங்குகிறதா, எந்த நேரத்தில் எடுக்கிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். தவிப்பில் இருக்கும் ஒருவரிடம் செயலிழந்த எண்ணைக் கொடுப்பது எதுவும் கொடுக்காமல் இருப்பதைவிட மோசம்.

உங்கள் தவறை முகத்துக்கு நேரே சொல்லக்கூடிய ஒருவர். உங்களைவிட வேறுபட்ட வாழ்க்கையிலிருந்து வந்தவராக இருந்தால் நல்லது. அவருடைய நேரத்துக்கு ஏதாவது ஒரு வகையில் ஈடு செய்யுங்கள். "எனக்குக் கற்றுக்கொடு" என்று பாதிக்கப்பட்டவர்களிடமே இலவச உழைப்பை வாங்குவதும் அநீதிதான்.

1. உங்கள் நிலையை ஒரு பக்கத்தில் எழுதுங்கள்

சாதி, இனம், பாலினம், வருமானம், உடல்நலம், மொழி, படிப்பு. இவற்றில் எது உங்களுக்குக் கதவைத் திறந்தது, எது அடைத்தது என்று எழுதுங்கள். நீங்கள் அனுபவித்தே இராதவற்றைத் தனியாகக் குறியுங்கள். உதாரணமாக, வாடகை கட்ட முடியாமல் வீடு மாறியது, உடம்பைப் பற்றி அந்நியர்கள் பேசக் கேட்டது, பெயரைச் சொன்னதும் எதிரில் இருப்பவரின் முகம் மாறியது.

இதை முதலில் வைப்பதற்குக் காரணம் உண்டு. கார்டில் இருப்பது ஒரு படம் மட்டும். அதற்கான சொற்களை நாம் நம் வாழ்க்கையிலிருந்துதான் எடுக்கிறோம். சேமிப்பு உள்ளவருக்கு, இடி விழுந்து உடையும் கோபுரத்தைக் காட்டும் டவர் கார்டு "பழையது இடிந்தால் புதியது வரும்" என்று தோன்றும். சேமிப்பே இல்லாதவருக்கு அது இடிந்த வீடு மட்டும்தான்.

எழுதி முடித்ததும் ஒரு பயிற்சி செய்யுங்கள். பத்து கார்டுகளை எடுங்கள். கேள்வி ஒன்றே: "இந்த வேலையில் தொடரலாமா?" ஒவ்வொரு கார்டுக்கும் இரண்டு பதில் எழுதுங்கள். ஒன்று, வேறு வேலை எளிதில் கிடைக்கக்கூடியவருக்கு. மற்றொன்று, இந்தச் சம்பளத்தை நம்பி நான்கு பேர் வீட்டில் இருப்பவருக்கு. இரண்டு பதிலும் ஒன்றாகவே வந்தால், நீங்கள் இதுவரை ஒரே வகை மனிதருக்குத்தான் ரீடிங் செய்துகொண்டிருந்தீர்கள். இந்தப் பயிற்சியை முடிக்காமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

2. எல்லைகளையும் சம்மதத்தையும் முன்கூட்டியே சொல்லுங்கள்

ரீடிங்குக்கு வருபவர் பெரும்பாலும் கலங்கிய நேரத்தில்தான் வருகிறார். மேசையின் அந்தப் பக்கம் உட்கார்ந்ததுமே நமக்கு ஒரு அதிகாரம் வந்துவிடுகிறது. அதை நாம் கேட்டு வாங்கவில்லை என்றாலும் அது அங்கே இருக்கிறது. அதனால் கார்டைக் கலைக்கும் முன்பே சில விஷயங்களைச் சொல்லிவிட வேண்டும்.

நான் சொல்வது ஏறக்குறைய இதுதான்: "இது மருத்துவ, சட்ட, பண ஆலோசனைக்கு மாற்று கிடையாது. நீங்கள் எப்போது வேண்டுமானாலும் நிறுத்தச் சொல்லலாம், காரணம் சொல்ல வேண்டாம். ஒரு கார்டைப் பற்றிப் பேச விருப்பமில்லை என்றால் திருப்பி வைத்துவிடலாம். இங்கே பேசுவது வெளியே போகாது. ஆனால் உங்கள் உயிருக்கோ வேறொருவர் உயிருக்கோ ஆபத்து என்று தோன்றினால் உதவி தேடுவோம்."

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். எதையும் யாரிடமும் சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு அப்புறம் உடைப்பதைவிட, விதிவிலக்கை முதலிலேயே சொல்வது நேர்மை.

அங்கே இல்லாத ஒருவரைப் பற்றிய ரீடிங்கைத் தவிர்க்கிறேன். "அவர் என்னை ஏமாற்றுகிறாரா?" என்ற கேள்விக்குக் கார்டைப் பார்த்துப் பதில் சொன்னால், சம்மதம் தராத ஒருவர்மேல் குற்றம் சுமத்துகிறோம். அந்தப் பதிலால் ஒரு வீட்டில் என்ன நடக்கும் என்று நமக்குத் தெரியாது. "இந்தச் சந்தேகத்தோடு வாழ்வது உங்களை என்ன செய்கிறது?" என்று திருப்பிக் கேட்டால் பேச்சு கேட்டவரிடமே வந்துவிடும். ஒருவருடைய பாலினம், அவர் யாரை விரும்புகிறார், கர்ப்பமா இல்லையா என்பதையெல்லாம் கார்டைக் கொண்டு ஊகிக்கவும் கூடாது. அவற்றைச் சொல்லும் உரிமை அவருக்கு மட்டுமே.

3. கார்டுகளின் பொருளை மீண்டும் படியுங்கள்

நேரம் அதிகம் பிடிக்கும் படி இதுதான். எனக்குப் பல மாதங்கள் ஆயின.

நான் செய்த ஒரு தவறிலிருந்து தொடங்குகிறேன். ஒரு பெண்மணிக்கு வாள் எட்டு, அதாவது வாள் வகையின் எட்டாம் கார்டு, வந்தது. கண்ணும் உடலும் கட்டப்பட்ட ஒரு பெண், சுற்றிலும் எட்டு வாள்கள், பின்னால் ஒரு கோட்டை. நான் படித்திருந்தபடியே சொன்னேன்: "கட்டு தளர்வாகத்தான் இருக்கிறது. சிறை உங்கள் மனதில்தான். நீங்களே அவிழ்த்துக்கொள்ளலாம்." அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் கேட்டார்: "கட்டினது யாருன்னு நீங்க கேக்கவே இல்லையேம்மா?"

அந்தப் படத்தை இன்னொரு முறை பாருங்கள். கட்டியவர் படத்தில் இல்லை. வாள்களை நட்டவரும் இல்லை. வன்முறை நடக்கும் வீட்டில் இருப்பவரிடம் "எல்லாம் மனதில்தான்" என்று சொன்னால், வெளியே தெரியாமல் நிற்கும் அந்த ஆளுக்கு நாம் துணை போகிறோம். அன்றிலிருந்து ஒவ்வொரு கார்டிடமும் மூன்று கேள்விகள் கேட்கிறேன்.

முதல் கேள்வி: இதில் இந்த மனிதர் செய்யக்கூடியது என்ன? இரண்டாவது: பக்கத்தில் இருப்பவர்கள் என்ன செய்கிறார்கள், அல்லது செய்யாமல் இருக்கிறார்கள்? மூன்றாவது: எந்த விதி, எந்த நிறுவனம், எந்த வழக்கம் இந்தக் காட்சியை உண்டாக்கியது?

78 கார்டுகளுக்கும் இந்த மூன்றையும் எழுதுங்கள். ஒரு நாளைக்கு ஒரு கார்டு போதும். சில கார்டுகளை எப்படி அணுகலாம் என்று காட்டுகிறேன்.

பென்டக்கிள்ஸ் (காசு வகை) ஐந்து: பனியில் இரண்டு ஏழைகள் நடக்கிறார்கள், ஒருவர் ஊன்றுகோலில். மேலே ஒளிவீசும் வண்ணக் கண்ணாடி ஜன்னல். "உதவி பக்கத்திலேயே இருக்கிறது, நீங்கள்தான் பார்க்கவில்லை" என்பது வழக்கமான விளக்கம். ஆனால் படத்தில் ஜன்னல்தான் தெரிகிறது, கதவு எங்கே? ஊன்றுகோலோடு வருபவர் உள்ளே போக வழி இருக்கிறதா? உதவி இருக்கிறது என்று சொல்வதும் அந்த உதவி இவர் கைக்கு எட்டும் என்று சொல்வதும் வேறு வேறு. இந்த கார்டு வரும்போதுதான் நான் உதவி எண் பட்டியலை எடுத்து மேசைமேல் வைக்கிறேன்.

பென்டக்கிள்ஸ் ஆறு: ஒரு வணிகர் கையில் தராசோடு நின்று காசு போடுகிறார், இரண்டு பேர் மண்டியிட்டு வாங்குகிறார்கள். "தாராள மனம்" என்று இதைக் கடந்துவிடுகிறோம். தராசு யார் கையில்? மண்டியிட்டால்தான் கிடைக்குமா? எதிரில் இருப்பவர் உறவினரிடம் பண உதவி வாங்குபவராக இருந்தால், நன்றியோடு சேர்ந்து வரும் அவமானத்தைப் பற்றிப் பேச இந்த கார்டு இடம் கொடுக்கும். வேறு எந்த கார்டிலும் அவ்வளவு தெளிவாகப் பேச முடிந்ததில்லை.

கோல் பத்து: பத்துக் கோல்களைச் சேர்த்துக் கட்டிப்பிடித்து, முதுகு வளைந்து ஒருவர் நடக்கிறார். "சுமையைக் கீழே வையுங்கள்" என்று சொல்வதற்கு முன் கேளுங்கள்: இவை யாருடைய கோல்கள்? முதிய பெற்றோரையும் குழந்தையையும் வேலையையும் ஒருவரே தாங்கும் வீட்டில் கீழே வைத்தால் யார் மேல் விழும்?

ஜஸ்டிஸ் (நீதி): ரைடர்–வெய்ட்–ஸ்மித்தில் 11ஆம் எண், பழைய பல டெக்குகளில் 8. ஒரு கையில் வாள், மறு கையில் தராசு. நீதிமன்றச் சிலைகளில் அடிக்கடி பார்ப்பதுபோல் இவருக்குக் கண்கட்டு இல்லை. நேராகப் பார்க்கிறார். எனக்கு இந்தக் கார்டு பிடிக்க அதுதான் காரணம். வேறுபாடுகளைப் பார்க்காமல் இருப்பதால் நீதி வருவதில்லை, பார்த்தால்தான் சரியாக எடைபோட முடியும்.

எம்பரர் (பேரரசர்), எம்ப்ரஸ் (பேரரசி), ராஜா, ராணி: இவற்றை ஆண், பெண் என்று சுருக்காமல், அவர்கள் செய்யும் காரியத்தைச் சொல்லுங்கள். வரையறுப்பவர், வளர்ப்பவர், முடிவெடுப்பவர், உள்ளே வாங்கிக்கொள்பவர். லவர்ஸ் கார்டில் ஓர் ஆணும் பெண்ணும் இருப்பதால் வருபவரின் துணை எதிர்ப்பாலினத்தவர் என்று வைத்துக்கொள்ள வேண்டாம். "உங்கள் துணை" என்ற சொல் போதும்.

இங்கே புதியவர்கள் எதிர்ப்பக்கமும் சாய்வார்கள். எல்லாக் கார்டுக்கும் அமைப்பையே குற்றம் சொல்லி, எதிரில் இருப்பவரைக் கையாலாகாதவராக ஆக்கிவிடுவார்கள். அவர் வந்தது உரை கேட்க இல்லை. மூன்று கேள்விகளில் முதலாவதாக "இவர் செய்யக்கூடியது என்ன" என்பதை வைத்திருப்பதற்கு அதுதான் காரணம். சிறியதாக இருந்தாலும், அவர் கையில் இருக்கும் ஒன்றைக் கண்டுபிடிக்காமல் ரீடிங்கை முடிக்காதீர்கள்.

4. கேள்வியைச் சேர்ந்து திருத்துங்கள், ஸ்ப்ரெட்டை மாற்றுங்கள்

"எனக்கு ஏன் எதுவுமே சரிவரவில்லை?" என்று கேட்டால், குறை தன்னிடம்தான் என்று அவர் ஏற்கெனவே முடிவு செய்துவிட்டார் என்று பொருள். அந்தக் கேள்விக்கு அப்படியே கார்டு எடுத்தால் அந்த முடிவை உறுதி செய்துகொடுப்போம். "எது சரிவரவில்லை என்று ஒன்றைச் சொல்லுங்கள்" என்று கேட்டு, சேர்ந்து வேறு வடிவம் கொடுங்கள். திருத்திய கேள்வியை அவர் வாயால் சொல்லட்டும். நம் சொற்களை அவர்மேல் திணித்துவிடவில்லை என்பதற்கு அதுவே அடையாளம்.

ஸ்ப்ரெட்டுக்கு, அதாவது கார்டுகளைப் பரப்பும் அமைப்புக்கு, மூன்று கார்டுகள் போதும். முதல் இடம், என் கையில் இல்லாதது. இரண்டாவது, என் கையில் இருப்பது. மூன்றாவது, என்னோடு சேர்ந்து நிற்கக்கூடியது யார் அல்லது எது. "கையில் இல்லாதது" முதலில் வருவது முக்கியம். அதை இறக்கி வைத்த பிறகுதான் மற்ற இரண்டையும் குற்ற உணர்வு இல்லாமல் கேட்க முடிகிறது. வரிசையை மாற்றிச் செய்து பார்த்திருக்கிறேன், இரண்டாவது கார்டிலேயே தன்னைத் திட்டிக்கொள்ள ஆரம்பித்துவிடுகிறார்கள்.

5. இப்போது டெக்கைத் தேர்ந்தெடுங்கள்

படிக்கும் விதம் மாறியபின் புது டெக் உண்மையிலேயே உதவும். வாங்கும் முன் பெட்டியைத் திருப்பிப் பாருங்கள். வரைந்தவர் பெயர் இருக்கிறதா? எழுதியவர் பெயர் அளவுக்குப் பெரிதாக இருக்கிறதா?

இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. 1909இல் லண்டனில் வெளிவந்த ரைடர்–வெய்ட்–ஸ்மித் டெக்கின் படங்களை வரைந்தவர் பமீலா கோல்மன் ஸ்மித். மிகக் குறைந்த ஊதியம்தான் அவருக்குக் கிடைத்தது. டெக் பல பத்தாண்டுகள் பதிப்பாளர் ரைடர், எழுத்தாளர் வெய்ட் ஆகிய இருவர் பெயரிலேயே அறியப்பட்டது. பமீலா 1951இல் கடனோடு இறந்தார். ரைடர்–வெய்ட்–ஸ்மித் என்று மூன்று பெயரையும் சேர்த்துச் சொல்வது மரியாதைக்காக மட்டும் செய்வது கிடையாது. படைப்பாளியின் பெயர் எப்படி மறைகிறது என்பதை ஒவ்வொரு முறையும் நினைவூட்டும்.

ஒரு பண்பாட்டின் தெய்வங்கள், சடங்குகள், ஆடைகள் டெக்கில் இருந்தால், அந்தப் பண்பாட்டைச் சேர்ந்தவர்கள் அதை உருவாக்கினார்களா, வருமானத்தில் அவர்களுக்குப் பங்கு உண்டா என்று தேடுங்கள். பதில் கிடைக்காவிட்டால் வேறு டெக் பாருங்கள். அதேபோல, டாரட் எகிப்திலிருந்து வந்த ரகசிய ஞானம், ரோமா மக்கள் கொண்டுவந்தது என்ற கதைகளைத் திருப்பிச் சொல்லாதீர்கள். அது 15ஆம் நூற்றாண்டு வட இத்தாலியில் சீட்டாட்டமாகத் தோன்றியது. ரோமா மக்களைக் குறிக்கும் இழிசொல்லையும் அவர்கள் உடையின் சாயலையும் விளம்பரத்துக்குப் பயன்படுத்துவது, இன்றும் ஒதுக்கப்படும் ஒரு சமூகத்தை அலங்காரப் பொருளாக்குவது.

6. கட்டணத்தை வெளிப்படையாக வையுங்கள்

எல்லோருக்கும் இலவசம் என்று தொடங்குபவர்கள் சில மாதங்களில் களைத்து நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தும்போது, வேறு வழி இல்லாதவர்கள்தான் முதலில் இழக்கிறார்கள். உங்கள் உழைப்புக்கும் ஊதியம் உண்டு என்பதும் நீதியின் ஒரு பகுதிதான்.

மூன்று படிக் கட்டணம் நன்றாக வேலை செய்கிறது: முழுத் தொகை, பாதி, இலவசம். ஒவ்வொரு மாதமும் எத்தனை இலவச இடங்கள் என்பதை முன்பே முடிவு செய்து அறிவியுங்கள். யார் எந்தப் படி என்று வருபவரே தேர்ந்தெடுக்கட்டும். ஆதாரம் கேட்க வேண்டாம். வறுமையை நிரூபிக்கச் சொன்னால் பென்டக்கிள்ஸ் ஆறில் தராசோடு நிற்கும் வணிகர் நாம்தான். சிலர் தவறாகப் பயன்படுத்தலாம். அந்தச் சிறு இழப்பை ஏற்றுக்கொள்கிறேன்.

ஒரு விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். பயத்தை விற்காதீர்கள். "உங்கள்மேல் ஏதோ தீய சக்தி இருக்கிறது, இன்னொரு ரீடிங் வேண்டும்" என்பது மோசடி. ஒரே கேள்விக்கு ஒருவர் திரும்பத் திரும்ப வந்தால் நான் பணம் வாங்குவதை நிறுத்திவிட்டு, என்ன நடக்கிறது என்று பேசுகிறேன்.

7. அணுகல் வசதி

பதிவுப் படிவத்தில் ஒரே ஒரு திறந்த கேள்வி வையுங்கள்: "நீங்கள் வசதியாகக் கலந்துகொள்ள நாங்கள் என்ன செய்ய வேண்டும்?" நோயின் பெயரைக் கேட்க வேண்டியதில்லை.

எடுத்த கார்டை எப்போதும் வாயால் வருணியுங்கள். பார்வை குறைந்தவருக்கு அது அவசியம், மற்றவர்களுக்கும் அது நிதானத்தைத் தரும். இணையத்தில் படம் போட்டால் மாற்று உரை (படத்தைப் பார்க்க முடியாதவருக்கான எழுத்து விளக்கம்) எழுதுங்கள். "டாரட் கார்டு" என்று மட்டும் எழுதினால் போதாது, யார் என்ன செய்கிறார் என்று இருக்க வேண்டும். எழுத்துக்கும் பின்னணிக்கும் நிற வேறுபாட்டு விகிதம் குறைந்தது 4.5:1 இருக்கட்டும், இணைய அணுகல் விதிமுறைகள் சாதாரண அளவு எழுத்துக்குச் சொல்வது அது. கை நடுங்குபவருக்குக் கார்டைச் செருகி நிறுத்தும் பிடிமானம் கொடுங்கள், கலைக்க முடியாதவருக்கு மேசையில் பரப்பித் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

8. குழுவைத் தொடங்குங்கள், சிறியதாக

ஆறிலிருந்து எட்டுப் பேர். அதற்கு மேல் போனால் இரண்டு மணி நேரத்தில் எல்லோரும் பேச முடியாது. அப்போது வழக்கமாகப் பேசுபவர்களே பேசுவார்கள்.

குழு உடன்பாட்டை முதல் நாளே அச்சடித்துக் கொடுக்காதீர்கள். பலர் இதைச் செய்து ஏமாந்திருக்கிறார்கள். யாரும் சேர்ந்து எழுதாத விதியை யாரும் தம்முடையதாக நினைப்பதில்லை. முதல் சந்திப்பில் ஒரு தற்காலிக விதி போதும்: குறுக்கே பேசுவதில்லை, கேட்டதை வெளியே சொல்வதில்லை. ஒருவரை ஒருவர் கொஞ்சம் தெரிந்துகொண்ட பின், இரண்டாவது அல்லது மூன்றாவது சந்திப்பில் உட்கார்ந்து முழு உடன்பாட்டை எழுதுங்கள்.

வேலைகளைச் சுழற்றுங்கள். யார் நாற்காலி போடுகிறார், யார் குறிப்பு எடுக்கிறார், யார் புதியவரை வரவேற்கிறார், யார் அழுபவரோடு வெளியே போய் நிற்கிறார் என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள். எழுதாவிட்டால் இந்த வேலைகள் மெல்ல மெல்ல ஒன்றிரண்டு பெண்கள் கையிலேயே போய்ச் சேரும், பாராட்டு மட்டும் முன்னால் நின்று பேசியவருக்குப் போகும். பென்டக்கிள்ஸ் மூன்றில் சிற்பி வேலை செய்ய, வரைபடத்தோடு இருவர் பக்கத்தில் நிற்கிறார்கள். எங்கள் குழுவில் மாதம் ஒருமுறை அந்தக் கார்டை நடுவில் வைத்து, "இந்த மாதம் கண்ணில் படாத வேலையை யார் செய்தார்கள்?" என்று கேட்கிறோம்.

எழுதவோ வரையவோ கார்டு எடுக்கும்போது, தன் துயரத்தைப் படைப்பாக்க வேண்டும் என்று யாரையும் நெருக்காதீர்கள். ஒடுக்கப்பட்ட பின்னணியிலிருந்து வருபவரிடம் எப்போதும் வலியையே எதிர்பார்ப்பது குழுக்களில் சாதாரணமாக நடக்கிறது. அவர், மூன்று பெண்கள் கோப்பை உயர்த்திக் கொண்டாடும் கோப்பை மூன்றைப் பார்த்துச் சிரிப்பைப் பற்றி எழுதட்டும்.

9. கூட்டாக ஒரு டெக் செய்வதென்றால்

ஆசையோடு 78 கார்டுகளில் தொடங்குவார்கள், முப்பதில் நின்றுவிடும். மேஜர் அர்கானா எனப்படும், டவர், ஜஸ்டிஸ், லவர்ஸ் போன்ற 22 முதன்மைக் கார்டுகளோடு தொடங்குங்கள். அதுவே முழுமையான ஒரு படைப்பு.

தூரிகையை எடுக்கும் முன் ஓர் அட்டவணை போடுங்கள். ஒரு கார்டுக்கு ஒரு வரி. யார் படத்தில் இருக்கிறார்? நிற்கிறாரா, உட்கார்ந்திருக்கிறாரா, மண்டியிட்டிருக்கிறாரா? கொடுக்கிறாரா, வாங்குகிறாரா? இதை நிரப்பாமல் வரைந்த குழுக்களில், நல்ல மனதோடு செய்தும், கறுத்த முகங்கள் எல்லாம் துன்பக் கார்டுகளிலும், வெளுத்த ஒல்லி உடல்கள் மகிழ்ச்சியையும் நம்பிக்கையையும் காட்டும் சன், ஸ்டார் கார்டுகளிலும் போய் உட்கார்ந்துவிட்டன. தனித்தனியாகப் பார்த்தால் எந்தப் படமும் தவறாகத் தெரியாது. 22ஐயும் சேர்த்துப் பரப்பினால்தான் தெரியும். அப்போது திருத்த மனம் வராது, கை உழைப்பு போட்டாயிற்று. அதனால்தான் அட்டவணை முதலில்.

சக்கர நாற்காலியில் இருப்பவரை வரைந்தால், அவரை டவர், வாள் பத்து போன்ற துன்பக் கார்டுகளில் வைப்பதற்குப் பதிலாக, தேரில் நிற்பவரைக் காட்டும் சாரியட் கார்டில் வைத்துப் பாருங்கள். ஆனால் தமக்குத் தெரியாத ஒரு வாழ்க்கையை வரைபவர், அந்த வாழ்க்கையை வாழ்பவரிடம் கோட்டோவியத்தையே காட்டிவிட வேண்டும். வண்ணம் தீட்டியபின் கருத்துக் கேட்பது அனுமதி வாங்குவதுபோல் நடிப்பது.

எழுத்தில் ஓர் ஒப்பந்தம் போடுங்கள். நண்பர்களுக்குள் எதற்கு என்று தோன்றும். நட்பு காப்பாற்றப்பட வேண்டும் என்பதற்காகத்தான். யார் பெயர் எங்கே வரும், விற்றால் பணம் எப்படிப் பிரியும், ஒருவர் விலகினால் அவர் வரைந்த கார்டு என்ன ஆகும், கணினி உருவாக்கும் படங்களை ஏற்பதா இல்லையா. வரைந்தவருக்கு ஒருமுறைத் தொகை மட்டும் கொடுத்து முடித்துக்கொள்ளாதீர்கள், ஒவ்வொரு அச்சிலும் பங்கு கொடுங்கள். உரை சரிபார்த்தவரும் மொழிபெயர்த்தவரும் பெட்டியில் இடம் பெறட்டும்.

பமீலா கோல்மன் ஸ்மித்தின் படங்களை அடிப்படையாக எடுத்துக்கொள்ள நினைத்தால், ஓவியர் இறந்து 70 ஆண்டுகள் வரை காப்புரிமை நீடிக்கும் நாடுகளில் அது 2021 முடிவோடு முடிந்துவிட்டது. பிற்காலத்தில் புதிதாக வண்ணம் தீட்டிய பதிப்புகளுக்குத் தனி உரிமை இருக்கலாம், அவற்றை நகலெடுக்காதீர்கள். உங்கள் டெக்கை எல்லோருக்கும் திறந்துவிட விரும்பினால் கிரியேட்டிவ் காமன்ஸ் என்ற திறந்த உரிமத்தின் வழி உண்டு. பெயர் குறிப்பிட வேண்டும், வணிகத்துக்குக் கூடாது, மாற்றக் கூடாது என்று நிபந்தனைகளைத் தேர்ந்தெடுக்கலாம். ஒருமுறை கொடுத்த உரிமத்தைத் திரும்பப் பெற முடியாது. எனவே எல்லோரும் சரி சொன்ன பிறகே வெளியிடுங்கள்.

10. தவறு நடந்தால் செய்ய வேண்டியதை முன்பே எழுதி வையுங்கள்

நடந்தபின் யோசித்தால் குழுவில் செல்வாக்கு உள்ளவருக்குச் சாதகமாகத்தான் யோசிப்போம். புகாரை வாங்க இரண்டு பேரை நியமியுங்கள், ஒருவர் மட்டும் போதாது, புகார் அவரைப் பற்றியதாகவே இருக்கலாம். குழுவை நடத்துபவர் அந்த இருவரில் ஒருவராக இருக்கக் கூடாது.

முதலில் பாதிக்கப்பட்டவரிடம் போங்கள். அவருக்கு என்ன வேண்டும் என்று கேளுங்கள். மன்னிப்பா, அந்த நபர் சில வாரங்கள் வராமல் இருப்பதா, வெறுமனே யாராவது கேட்டுக்கொண்டால் போதுமா என்று. எல்லோரையும் வட்டமாக உட்காரவைத்துப் பேசித் தீர்க்கலாம் என்று அவசரப்படாதீர்கள். அந்த வட்டம் காயப்பட்டவருக்கு இன்னொரு விசாரணை. மிரட்டல், தொடுதல், பணமோசடி போன்றவை குழுவுக்குள் பேசித் தீர்க்கும் விஷயங்கள் கிடையாது. அவர் விரும்பினால் சட்ட உதவிக்குப் போகத் துணை நில்லுங்கள். இதற்காகக் கார்டு எடுத்துப் பார்ப்பதும் வேண்டாம், யார் சொல்வது உண்மை என்று டாரட் தீர்ப்பு சொல்லக் கூடாது.

தவறு செய்தவர் நீங்கள் என்றால், என்ன செய்தேன், அது அவரை எப்படிப் பாதித்தது, இனி எதை மாற்றுவேன் என்ற மூன்றை மட்டும் சொல்லுங்கள். "நல்ல எண்ணத்தோடுதான் சொன்னேன்" என்பது வேண்டாம், அது அவர்மேல் உங்களைத் தேற்றும் பொறுப்பையும் சுமத்தும். வாள் எட்டு விஷயத்தில் அந்தப் பெண்மணியிடம் நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் திரும்பி ரீடிங்குக்கு வரவில்லை. அது அவருடைய உரிமை.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை நோட்டைத் திறந்து இவற்றைப் பாருங்கள்: உதவி எண்கள் இன்னும் இயங்குகின்றனவா, அறிவித்த இலவச இடங்களில் எத்தனை நிரம்பின, சுழற்சித் தாளில் ஒரே பெயர் திரும்பத் திரும்ப வருகிறதா, குழுவை விட்டு அமைதியாகப் போனவர்கள் யார். போனவர்களுக்கு ஒரு சிறு கடிதம் எழுதுங்கள். பதில் எழுத வேண்டிய கட்டாயம் இல்லை என்பதையும் அதில் சேர்த்துவிடுங்கள்.